அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு மணி நேரம்: சேலம், ஏற்காடு பெற்றோருக்கான முழுமையான வழிகாட்டி

பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்டால் நம் பக்கத்துப் பெற்றோர் பலர் "நாங்க படிக்கல, எங்களுக்கு என்ன தெரியும்" என்பார்கள். மற்றவர்கள் "டியூஷன்ல சேர்த்துவிட்டாச்சு" என்பார்கள். கொலுசுப் பட்டறையிலோ தறியிலோ காபித் தோட்டத்திலோ நாள் முழுக்க உழைத்துவிட்டு வருபவர்கள் அப்படிச் சொல்வதில் தப்பு காண முடியாது. ஆனால் பாடம் நடத்த ஆசிரியர் இருக்கிறார். பிள்ளை உண்மையில் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதும், தினமும் அதை ஒரே நேரத்தில் உட்கார வைப்பதும், தேதி தவறாமல் தாள்களை எடுத்து வைப்பதும்தான் வீட்டுக்கு உரிய வேலை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இதில் பெரும்பகுதியைச் செய்ய முடியும். கீழே உள்ளவை முக்கியமாக 1 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு.

1. முதலில் அளந்து பாருங்கள்

மலைக் கிராமங்களில் பல தொடக்கப் பள்ளிகள் ஈராசிரியர் பள்ளிகள். ஐந்து வகுப்பையும் இரண்டு பேர் பார்த்துக்கொள்கிறார்கள். ஓர் அறையில் இரண்டு மூன்று வகுப்புகள் சேர்ந்து உட்காரும்போது, ஒரு பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு மற்றவர்களோடு சேர்ந்து "வாசித்து" வருவது எளிது. பரீட்சைத் தாளிலும் இது தெரியாமல் போகலாம், ஏனென்றால் கேள்வி பதிலை மனப்பாடம் செய்து எழுதிவிடலாம். அதனால் மதிப்பெண் அட்டையை ஓரமாக வைத்துவிட்டு நீங்களே பத்து நிமிடம் பாருங்கள்.

வாசிப்புக்கு: பிள்ளையின் வகுப்புக்கு இரண்டு வகுப்பு கீழே உள்ள தமிழ்ப் பாடநூலை எடுங்கள். பக்கத்து வீட்டில் கேட்டால் கிடைக்கும். பாடநூல்களை இணையத்திலிருந்து இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம். பிள்ளைக்குப் பழக்கமில்லாத ஒரு பத்தியைத் தேர்ந்தெடுங்கள், பாட்டு வேண்டாம், அது மனப்பாடமாக இருக்கும். சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். 50 சொல்லில் ஐந்துக்கு மேல் தடுமாறினால் அந்த நூல் இன்னும் கடினம், ஒரு வகுப்பு இறங்குங்கள். அங்கேயும் தடுமாறினால் தனிச் சொற்கள், பிறகு தனி எழுத்துகள். தடுமாறாமல் வாசிக்கும் இடம்தான் பிள்ளை நிற்கும் படி. வாசித்து முடித்ததும் "என்ன நடந்தது, சொல்லு" என்று கேளுங்கள். சரளமாக வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லத் தெரியவில்லை என்றால், எழுத்து வந்துவிட்டது, பொருள் இன்னும் வரவில்லை.

கணக்குக்கு நான்கு படிகள் போதும். 1 முதல் 9 வரை எண்ணைக் காட்டினால் சொல்கிறதா. 10 முதல் 99 வரை சொல்கிறதா. 52-லிருந்து 27-ஐக் கழிக்கத் தெரிகிறதா. 847-ஐ 6-ஆல் வகுக்கத் தெரிகிறதா (ஈவு 141, மீதி 1). நான்காம் வகுப்பு முடிக்கும் பிள்ளைக்கு இந்த நான்கும் வரவேண்டும்.

பிள்ளை தடுமாறும்போது முகத்தைச் சுளிக்காதீர்கள். "இவ்வளவு நாளா பள்ளிக்கூடம் போய் இதுகூட வரலயா" என்ற ஒரு வார்த்தை போதும், அடுத்த முறை பிள்ளை தெரியாததை மறைக்கப் பழகிவிடும். தேதி போட்டு ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதையே செய்யுங்கள்.

2. நேரமும் இடமும்

மொத்தம் ஒரு மணி நேரம்: வாசிப்புக்கு 15 நிமிடம், கணக்குக்கு 15, எழுதுவதற்கு 10, பள்ளி வீட்டுப்பாடத்துக்கு 20. ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இதில் பாதி போதும். எந்த நேரம் என்பதைவிட தினமும் அதே நேரமாக இருப்பதுதான் முக்கியம். பள்ளி விட்டு வந்ததும் ஏதாவது சாப்பிட்டு, ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு உட்காரும் பிள்ளை நன்றாகப் படிக்கும். வந்த வேகத்தில் உட்கார வைத்தால் தூங்கி விழும்.

வீட்டிலேயே தறி ஓடும் அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கத்து வீடுகளில் சத்தம்தான் பெரிய தடை. தறி ஓடும்போது சத்த வாசிப்பு நடக்காது. தறி நிற்கும் இடைவேளையில் வாசிப்பையும், ஓடும் நேரத்தில் எழுத்தையும் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள். கொலுசுப் பட்டறை வீடுகளில் அமிலம் வைத்து மெருகு போடும் இடத்துக்குப் பக்கத்தில் பிள்ளையை உட்கார வைக்கவே கூடாது. புகை நுரையீரலுக்குக் கெடுதல், வேறு அறையோ வாசலோ பாருங்கள்.

வெளிச்சத்துக்கு ஒரு 9 வாட் எல்இடி பல்பு போதும். வலக்கையால் எழுதும் பிள்ளைக்கு இடது பக்கத்திலிருந்தும், இடக்கைப் பிள்ளைக்கு வலது பக்கத்திலிருந்தும் வெளிச்சம் வர வேண்டும். இல்லாவிட்டால் கையின் நிழல் எழுத்தின் மேல் விழும். ஏற்காட்டில் மழை மாதங்களில் மின்சாரம் அடிக்கடி போகும், சார்ஜ் ஏற்றிய ஒரு எமர்ஜென்சி விளக்கைத் தயாராக வையுங்கள். அந்த ஒரு மணி நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும், உங்களுடையதும் சேர்த்து.

3. தமிழ் வாசிப்பு: எங்கே சிக்குகிறது

இதில் அதிக நேரம் செலவிடுங்கள். தமிழ் சரளமாக வாசிக்க வராத பிள்ளைக்கு அறிவியலும் வராது, சமூக அறிவியலும் வராது, கணக்கில் வாக்கியக் கணக்குகளும் வராது.

247 எழுத்து என்று பயமுறுத்த வேண்டாம். அகர வரிசை 18-ம் உயிர் 12-ம் குறிகளும் தெரிந்தால் பெரும்பகுதி முடிந்தது. சிக்கல் மூன்று இடத்தில் வரும்.

முதலாவது, எழுத்துக்கு முன்னால் நிற்கும் குறிகள். கெ, கே, கை என்பவற்றில் கொம்பு முதலில் கண்ணில் படும், ஒலியில் க முதலில் வரும். கொ, கோ, கௌ என்பவற்றில் குறி இரண்டு பக்கமும் நிற்கும். இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போகும் பிள்ளை "கொடி"யைக் "கெடி" என்று வாசிக்கும், பின்னால் வரும் துணைக்காலைப் பார்க்கவே பார்க்காது. கெ–கொ, கே–கோ, செ–சொ, பே–போ என்று ஜோடி ஜோடியாக எழுதித் தினமும் எட்டு ஜோடி வாசிக்க வையுங்கள். இரண்டு மூன்று வாரத்தில் நின்றுவிடும்.

இரண்டாவது, உகர ஊகார வரிசை. மற்ற வரிசைகளில் குறி ஓரளவு ஒரே மாதிரி ஒட்டும். இங்கே கு, சு, டு, து, பு, மு, ரு என்று வடிவம் மாறிக்கொண்டே போகும். இந்த 36 வடிவங்களையும் தனியாக ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். ஒரு வாரத்துக்கு ஆறு வீதம் எடுத்துக்கொண்டால் ஆறு வாரம்.

மூன்றாவது, மெய் சேர்ந்த சொற்கள். இதற்கு நம் ஊர்ப் பேருந்துப் பலகைகளைவிட நல்ல பயிற்சிப் புத்தகம் கிடையாது. அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி, செவ்வாய்பேட்டை, பழைய பேருந்து நிலையம்: எல்லாவற்றிலும் புள்ளி வைத்த எழுத்துகள். பேருந்துக்கு நிற்கும்போது வாசிக்கச் சொல்லுங்கள்.

ல, ள, ழ குழப்பமும் ர, ற குழப்பமும் எழுதும்போது வரும். அதை முதல் நாளே பிடிக்காதீர்கள். வாசிப்பு சரளமான பிறகு, தினம் ஐந்து சொல் வீதம் சொல்லச் சொல்ல எழுத வைத்துத் திருத்தினால் போதும். வீட்டில் பேசும் பேச்சைத் திருத்தவே வேண்டாம். மலையில் பேசும் தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் தூரம் அதிகம்தான். ஆனால் பேச்சில் குறுக்கிட்டுக்கொண்டே இருந்தால் பிள்ளை பேசுவதையே குறைத்துக்கொள்ளும். பேச்சு குறைந்த பிள்ளைக்கு எழுதவும் வராது.

வாசிக்கத் தெரியாத பெற்றோர் என்ன செய்வது? பக்கத்தில் உட்காருங்கள். பிள்ளை விரல் வைத்து வாசிக்கட்டும். நின்று நின்று வாசிக்கும் இடம் உங்கள் காதுக்குத் தெரியும், "அந்த வரியை இன்னொரு தடவை" என்று சொல்லுங்கள். ஒரே பத்தியை மூன்று நாள் வாசிக்க வைத்தால், மூன்றாம் நாள் எவ்வளவு ஓட்டமாக வருகிறது என்று உங்களுக்கும் தெரியும், பிள்ளைக்கும் தெரியும். கதைப் புத்தகத்துக்கு, சேலத்தில் இருப்பவர்கள் மாவட்ட மைய நூலகத்திலும் மற்றவர்கள் அருகிலுள்ள கிளை நூலகத்திலும் பிள்ளையின் பேரில் உறுப்பினர் அட்டை எடுங்கள். கட்டணம் மிகக் குறைவு.

4. கணக்கு

52 − 27 = 35 என்று எழுதும் பிள்ளைகள் ஏராளம். ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5, ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து 3. அதாவது மேலே கீழே பார்க்காமல், பெரியதிலிருந்து சிறியதைக் கழிக்கிறது. கவனக்குறைவு என்று திட்டினால் தீராது, பத்து என்பது ஒரு கட்டு என்பது அதற்குப் புரியவில்லை. ஐந்து பத்து ரூபாய் நோட்டும் இரண்டு ஒரு ரூபாய் நாணயமும் கொடுங்கள். "எனக்கு 27 ரூபாய் கொடு" என்று கேளுங்கள். கையில் இரண்டு நாணயம்தான் இருக்கிறது, ஏழு கொடுக்க முடியாது. ஒரு நோட்டைப் பத்து நாணயமாக மாற்றிக்கொள்ளத் தானாகவே தோன்றும். கொடுத்த பிறகு மிச்சம் 25. ஒரு வாரம் காசை வைத்துச் செய்த பிறகுதான் நோட்டில் எழுதச் சொல்ல வேண்டும். நேராக "கடன் வாங்கு" என்று சொல்லிக்கொடுத்தால் மறுபடி அதே தப்புக்கே திரும்பும்.

வாய்பாட்டை ஒன்றிலிருந்து வரிசையாக ஒப்பிக்க வைப்பதில் பலன் குறைவு. 7×8 கேட்டால், 7×1-லிருந்து பாடிக்கொண்டு வரும். 1, 2, 5, 10 வாய்பாடுகள் எளிதாக வந்துவிடும். 3×7-ம் 7×3-ம் ஒன்றுதான் என்று புரிந்துவிட்டால், பத்து வரை மீதமிருப்பது 3, 4, 6, 7, 8, 9 தங்களுக்குள் பெருகும் 21 பெருக்கல் மட்டும். வாரத்துக்கு மூன்று வீதம் ஏழு வாரம். சிறு அட்டையில் முன்பக்கம் 7×8, பின்பக்கம் 56 என்று எழுதிக் கலைத்துப் போட்டுக் கேளுங்கள். உடனே சொன்னது ஒரு பக்கம், யோசித்தது இன்னொரு பக்கம். யோசித்த அட்டைகளை மறுநாள் மறுபடி கேளுங்கள்.

ஆறாம் வகுப்புக்கு மேல் ஊரே கணக்குப் புத்தகம்தான். கொலுசின் எடையைக் கிராமில் எழுதினால் தசமம். ஐந்தாறு கிலோ காபிப் பழத்துக்கு ஒரு கிலோ அளவுக்குத்தான் காய்ந்த கொட்டை கிடைக்கும் என்பது விகிதம். மேட்டூர் அணையின் நீர்மட்டம் தினசரியில் வருகிறது. ஒரு மாதம் அதைக் குறித்து வைத்து வரைபடத் தாளில் புள்ளி வைத்து இணைத்தால், அது எட்டாம் வகுப்புக் கோட்டு வரைபடம். முழு மட்டம் 120 அடி, அப்போது கொள்ளளவு 93.47 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி). மட்டம் 60 அடியாக இருந்தால் நீரும் பாதி இருக்குமா என்று கேளுங்கள். இருக்காது, பாதியைவிட மிகக் குறைவாகவே இருக்கும், ஏனென்றால் அணை கீழே குறுகி மேலே விரிந்த பள்ளத்தாக்கில் நிற்கிறது.

5. ஆங்கிலம்

தினம் ஐந்து சொல், அவற்றை வைத்து இரண்டு சின்ன வாக்கியம், சத்தமாக. பாடநூலில் உள்ள கட்டக் குறியீட்டை (க்யூஆர் கோடு) போனில் ஸ்கேன் செய்தால் பாட வீடியோ வரும். கல்வித் தொலைக்காட்சியிலும் மணற்கேணி செயலியிலும் பாடங்கள் இலவசம். பிள்ளை உச்சரிப்பைக் கேட்டுத் திரும்பச் சொல்லட்டும். தமிழ் வாசிப்பு சரளமாகாத வரை இதற்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

6. பள்ளியோடு பேசுவது

"நல்லா படிக்கிறானா, டீச்சர்?" என்று கேட்டால் "பரவாயில்லை" என்ற பதில்தான் வரும். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். தொடக்க வகுப்பு என்றால், "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை உண்டு. "என் பொண்ணு தமிழ்ல எந்த நிலையில இருக்கா, கணக்குல எந்த நிலை?" என்று கேளுங்கள். அடுத்து, "இந்த மாசம் வீட்டுல எதை மட்டும் பார்க்கணும்?" கடைசியாக, "வகுப்புல வாய் திறந்து கேள்வி கேட்கிறாளா?" நீங்கள் வீட்டில் குறித்த நோட்டையும் எடுத்துப் போங்கள். தன் வேலையைப் பங்குபோட்டுக்கொள்ள ஒரு வீடு தயாராக இருப்பதைப் பார்த்தால் ஆசிரியர் மனம்விட்டுப் பேசுவார்.

கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் கீழ் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. உறுப்பினர்களில் பெரும்பான்மை பெற்றோர், தலைவரும் பெற்றோர்தான். கழிப்பறை, குடிநீர், ஆசிரியர் பற்றாக்குறை, மலையில் பேருந்து நேரம் எல்லாவற்றையும் அங்கே தீர்மானமாக எழுத வைக்கலாம். வாசலில் நின்று சொல்லும் குறை காற்றோடு போகும், தீர்மானப் பதிவேட்டில் ஏறியது மேலே போகும்.

வருகையைப் பற்றி ஒரு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை காபிப் பழம் பறிக்கும் காலத்தில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளப் பெரிய பிள்ளையை நிறுத்திவிடுகிறார்கள். மூன்றாம் வகுப்பில் அந்த மாதங்கள் போனால் இடமதிப்பும் கழித்தலும் போய்விடும், பிறகு நான்காம் வகுப்பில் எதுவும் ஒட்டாது. சின்னக் குழந்தையை அங்கன்வாடியில் விடுங்கள். சேலத்தில் ஆடி மாதம் மாரியம்மன் பண்டிகை ஒவ்வொரு பகுதியிலும் ஒவ்வொரு நாள் வரும். உறவுக்காரர் வீட்டுப் பண்டிகைக்கெல்லாம் லீவு போட்டால் பள்ளி நாட்கள் கணிசமாகக் கரையும்.

7. டியூஷன்

பிள்ளை நிற்கும் படியிலிருந்து தொடங்கும் டியூஷன் நல்லது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்பு நூலில் தடுமாறும்போது, ஐந்தாம் வகுப்புக் கேள்வி பதிலை ஒப்பிக்க வைக்கும் டியூஷனால் மதிப்பெண் கொஞ்சம் ஏறும், வாசிப்பு ஏறாது. சேர்க்கும்போது "எங்க வீட்டுல பார்த்தோம், புள்ளி வச்ச எழுத்து வர்ற சொல்லுல தடுமாறுறான், அதிலிருந்து ஆரம்பிப்பீங்களா?" என்று கேளுங்கள். ஒரே நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல் உட்கார்ந்திருந்தால் தனிக் கவனம் கிடைக்காது. மூன்று மாதம் கழித்து உங்கள் நோட்டில் படி ஏறவில்லை என்றால் நிறுத்திவிடுங்கள், அந்தப் பணத்துக்குக் கதைப் புத்தகம் வாங்கலாம்.

8. மலையையே பாடமாக்குவது

சேலத்தில் இருந்துகொண்டு பிள்ளைக்கு அறிவியல் காட்ட வசதியில்லை என்று சொல்லவே கூடாது. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் வானிலையே மாறிவிடுகிறது. ஒரு சாதாரண வெப்பமானியோடு கிளம்புங்கள். புறப்படும் முன் நகரத்தில் நிழலில் ஒருமுறை, ஏற்காடு ஏரிக்கரையில் நிழலில் ஒருமுறை அளவு எடுங்கள். ஆயிரம் மீட்டருக்குச் சுமார் 6.5 டிகிரி குறையும். சேலம் 280 மீட்டர் அளவில், ஏற்காடு சுமார் 1500 மீட்டரில். 8 டிகிரி வித்தியாசம் வரவேண்டும். வெயிலில் பிடித்தாலோ பேருந்திலிருந்து இறங்கியதும் பார்த்தாலோ தப்பாகக் காட்டும், பத்து நிமிடம் விட்டுப் பாருங்கள். கீழே வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் உப்பி நிற்கும், வெளியே காற்றழுத்தம் குறைந்ததால். அதே காரணத்தால் அங்கே தண்ணீர் சுமார் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் அதிகம் பிடிக்கும்.

இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தேசிய ஆர்க்கிட் பூங்கா ஏற்காட்டில்தான் இருக்கிறது. மரத்தின் மேல் ஒட்டி வளர்ந்தும் மரத்தின் சாற்றை உறிஞ்சாத செடிகளை அங்கே நேரில் பார்க்கலாம், தொற்றுத் தாவரத்துக்கும் ஒட்டுண்ணிக்கும் வித்தியாசம் ஒரே நிமிடத்தில் புரியும். 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடரியைக் கண்டெடுத்து இந்தியாவின் பழைய கற்காலத்தை வெளிக்கொண்டுவந்த இராபர்ட் புரூஸ் பூட் ஏற்காட்டில் வாழ்ந்தவர், அவருடைய நினைவிடமும் இங்கேதான். வரலாற்றுப் பாடத்தில் கற்காலம் வரும் ஆண்டில் இதைச் சொல்லிக் கூட்டிப் போங்கள்.

போவதற்கு முன் ஒரே ஒரு கேள்வியைப் பிள்ளையே எழுதட்டும். திரும்பி வந்து அரைப் பக்கம் பதில். பத்து இடம் சுற்றிக் களைத்து வருவதைவிட ஓர் இடத்தை நன்றாகப் பார்ப்பது மேல்.

9. முயன்றும் ஏறவில்லை என்றால்

தினமும் உட்கார்ந்தும் மூன்று மாதத்தில் படி நகரவில்லை என்றால், மந்தம் என்று முடிவுகட்டுவதற்கு முன் கண்ணைப் பாருங்கள். புத்தகத்தை முகத்தருகே கொண்டு போவது, பலகையைப் பார்த்து எழுதாமல் பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுவது, கண்ணைச் சுருக்குவது எல்லாம் அடையாளம். பள்ளி வழியாக இலவசக் கண்ணாடி கிடைக்கும், சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காட்டலாம். பின்னாலிருந்து மெதுவாகக் கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைக்குக் காதைப் பாருங்கள். இரண்டும் சரி என்றால், வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், தலைமை ஆசிரியர் மூலம் கேளுங்கள்.

10. தேர்வுகள், உதவித்தொகை, தாள்கள்

எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்னும் தேசிய வருவாய் வழி மற்றும் திறன் படிப்புதவித் தேர்வு. குடும்ப ஆண்டு வருமானம் ₹3.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். தேர்வானால் 9 முதல் 12 வரை ஆண்டுக்கு ₹12,000. மனத்திறன் 90 கேள்வி, படிப்புத் திறன் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம், அதாவது கேள்விக்கு ஒரு நிமிடம். பாடம் தெரிந்த பிள்ளைகள்கூட மனத்திறன் பகுதியின் எண் தொடர், படத் தொடர்களில் நேரம் இழக்கிறார்கள். ஏழாம் வகுப்பு விடுமுறையிலிருந்தே கடிகாரத்தை வைத்து வாரம் 30 கேள்வி செய்ய வையுங்கள். விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகத்தான். தேர்வான பிறகும் ஒவ்வோர் ஆண்டும் இணையத்தில் புதுப்பிக்க வேண்டும், இதை மறந்து பணத்தை இழக்கும் வீடுகள் உண்டு.

ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, கிராமப்புறப் பள்ளிகளுக்கு மட்டும். மாவட்டத்துக்கு 50 மாணவர், 50 மாணவியர். ஆண்டுக்கு ₹1,000 என்பது சிறு தொகைதான், ஆனால் போட்டித் தேர்வு எழுதிப் பழக அது நல்ல இடம்.

பிள்ளையை ஆறாம் வகுப்பில் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுப் பின்னால் திருப்பிக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்கள் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரியில் மாதம் ₹1,000 தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் 6 முதல் 12 வரை எங்கே படித்தார்கள் என்றுதான் பார்க்கிறார்கள். நடுவில் ஓர் ஆண்டு மாறினாலும் சிக்கல்.

தாள்களில்தான் கடைசி நேரத்தில் அலைச்சல் வரும். ஆதாரிலும் பள்ளிப் பதிவேட்டிலும் வங்கிக் கணக்கிலும் பெயர் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல் முன்னால், இன்னொன்றில் பின்னால் என்றிருந்தால்கூட உதவித்தொகை நிற்கும். ஏழாம் வகுப்பிலேயே திருத்திவிடுங்கள். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும், இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பழங்குடியினர் சான்று கோட்டாட்சியர் வழங்குவது, விசாரணை உண்டு, மாதக்கணக்கில் ஆகலாம். பத்தாம் வகுப்பு முடியட்டும் என்று காத்திருக்காமல் ஐந்தாம் வகுப்பிலேயே தொடங்குங்கள், அப்பா வழி உறவினர் யாராவது ஏற்கெனவே வாங்கிய சான்றின் நகல் இருந்தால் கூடவே வையுங்கள். மலை வீடுகளில் ஈரம் ஏறித் தாள் ஒட்டிக்கொள்ளும், மூலச் சான்றுகளை ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு இரும்புப் பெட்டியில் வையுங்கள். லேமினேட் செய்ய வேண்டாம், சில அலுவலகங்களில் பின்பக்க முத்திரையைப் பார்க்கக் கேட்பார்கள். ஒவ்வொன்றிலும் மூன்று நகல் எடுத்து வைத்து, போனில் படமும் பிடித்துக்கொள்ளுங்கள்.